சமதரையில் ஒரு மலைக்காவல்

சால்ட் லேக்கில் மேடென்று சொல்ல ஒன்றுமில்லை. 1962-இல் இங்கிருந்த உப்புச் சதுப்பில் கங்கை வண்டலைக் குழாய் வழியே கொணர்ந்து நிரப்பத் தொடங்கினர். மலையிலிருந்து கரைந்து வந்த அம்மண்மீதே நம் வீடுகள் நிற்கின்றன.

அன்று மாலை கருணாமயி பக்கம் உலாவச் சென்றிருந்தோம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் கட்டடத்தைக் கண்டதும் நடை தயங்கிற்று. இத்துறையின் சால்ட் லேக் வளாகத்தில்தான் 2024 ஜூலை 19 அன்று தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறக்கப்பெற்றது. டார்ஜிலிங், கலிம்பொங் மாவட்டங்களோடு நமது நீலகிரிக்கும் இங்கிருந்தே எச்சரிக்கை செல்கிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறப்பதெங்ஙனம்?

இம்மையம் பெரும்பாலும் மழையின் அளவைக் கொண்டே அபாயத்தைக் கணிக்கிறது. மண்ணுக்குள்ளேயே காவல் வைக்கும் முறையும் உண்டு. மூணாற்றிலும் காங்டாக்கிலும் அமிர்தா பல்கலைக்கழகத்தார் உணர்கருவிகளைப் புதைத்துள்ளனர். மழைநீர் ஊறுந்தோறும் மண்துகள்களிடையே நீரழுத்தம் பெருகி, அவற்றின் பிடி தளர்கிறது. அவ்வழுத்தத்தை ஒரு கருவி அளக்கும். சரிவின் சாய்வை மற்றொன்று காட்டும். நில அதிர்வை இன்னொன்று உணரும்.

எரிமலை நாடுகளில் இக்காவல் இன்னும் இன்றியமையாதது. கொலம்பியாவில் 1985 நவம்பர் 13 இரவு, ருயிஸ் எரிமலையின் பனி உருகிச் சேற்று வெள்ளமாய்ப் பாய்ந்து, ஆர்மேரோ நகரில் இருபதினாயிரம் பேர் வரை மாய்த்தது. பிற்காலத்தில் அமெரிக்காவின் ரெய்னியர் மலைப் பள்ளத்தாக்குகளில், பாய்ந்துவரும் சேற்றின் அதிர்வை அறிந்து ஊரை எச்சரிக்கும் கருவிகளை நிறுவினர்.

ஆயின் கருவி அறிந்தால் மட்டும் போதுமா? 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் மண்ணில் புதைந்தன. மாண்ட எழுபதின்மரில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தமையால் துயரச் செய்தியே மறுநாட் காலையில்தான் வெளியுலகை எட்டிற்று. துயரச் செய்தியே வெளிவர வழியற்ற இடத்திற்கு எச்சரிக்கை மட்டும் எவ்வழியே சென்றடையும்?

அறிவிப்பு மாவட்ட அலுவலகத்தோடு நின்றுவிடலாகாது. லயத்தின் கடைசிக் கதவையும் தட்டவேண்டும். நீலகிரியில் உற்றார் உள்ள அன்பர்கள், மழைக்காலத்தில் நலம் விசாரிக்கும்போது, 'இன்று எச்சரிக்கை வந்ததா? எங்கே ஒதுங்குவீர்கள்?' என்று இரு கேள்விகளையும் சேர்த்தே கேட்பார்களாக.