மூச்சு வாங்கினால் நுரையீரல் கோளாறுதானா? மருத்துவ மாணவர்களை யோசிக்கவைக்கும் ஒரு ‘கேஸ்’!

இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றுப்பைகள் இருக்கின்றன. எம்.பி.பி.எஸ் முதலாம் ஆண்டு மாணவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதையெல்லாம் சொல்லிவிடுவார். ஆனால், ‘மாடிப்படி ஏறினாலே இந்தப் பெண்ணுக்கு ஏன் மூச்சு வாங்குது?’ என்று கேட்டால், பலரும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

பாடப்புத்தகத்தில் ரத்த ஓட்டம் ஓர் அத்தியாயம், சுவாசம் இன்னோர் அத்தியாயம். நோயாளியின் உடம்பு அப்படி அத்தியாயம் பிரித்துக்கொண்டு வருவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ‘கேஸ்’ வழியாகப் பாடம் நடத்தும் முறை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-லேயே நோயாளியின் பிரச்னையிலிருந்து பாடத்தைத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் 2019-ல் வந்த புதிய எம்.பி.பி.எஸ் பாடத்திட்டம், முதலாம் ஆண்டிலேயே நோயாளிகளைப் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறது.

ஒரு வகுப்பு எப்படிப் போகும்? ஆசிரியர் முதல் தாளைக் கொடுப்பார். ‘24 வயதுப் பெண். ஆறு மாதக் கர்ப்பிணி. படியேறினால் மூச்சு வாங்குகிறது. இரவில் படுத்தால் இருமல். இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறார்.’

“ஆஸ்துமா மேடம்... நெபுலைசர் வைக்கலாம்” என்று ஒரு குரல் வரும். “கர்ப்பத்துல இதெல்லாம் சகஜம்தானே?” என்று இன்னொன்று. ஆசிரியர் சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். இரண்டாவது தாளை நீட்டுவார். நாடித்துடிப்பு 116. நுரையீரலின் அடிப்பகுதியில் நீர் கோத்த சத்தம். மூன்றாவது தாளில் ஒரு பழைய கதை. பத்து வயதில் தொண்டை வலி, அதன் பிறகு காய்ச்சல், மூட்டுகளில் மாறி மாறி வீக்கம். கடைசியாக எக்கோ ரிப்போர்ட். இதயத்தின் இடப்பக்கம் இருக்கும் மிட்ரல் வால்வு 4 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல் திறக்க வேண்டும். இவருக்கு 1 சதுர சென்டிமீட்டர்தான் திறக்கிறது.

இப்போது கணக்கு விழத் தொடங்கும். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைச் சுருக்கிவிட்டது. வாசல் குறுகலானதால் ரத்தம் பின்னால் தேங்குகிறது. பின்னால் இருப்பது நுரையீரல். அங்குள்ள நுண்குழாய்களில் அழுத்தம் சுமார் 25 மில்லிமீட்டரைத் தாண்டினால் நீர் கசிய ஆரம்பிக்கும். படுத்தால் கால்களில் இருந்த ரத்தமும் நெஞ்சுக்கு வந்து சேரும். அதனால்தான் அந்த இரண்டு தலையணை.

‘இத்தனை வருஷம் இல்லாத தொந்தரவு இப்போது ஏன்?’ கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவும் கூடுகிறது, இதயத்தின் வேகமும் கூடுகிறது. வேகம் கூடினால், அந்தக் குறுகிய வாசல் வழியாக ரத்தம் கடக்கக் கிடைக்கும் நேரம் குறைகிறது. தேக்கம் அதிகமாகிறது.

இங்கேதான் வகுப்பு அமைதியாகும். ஆஸ்துமா என்று நினைத்து அவசரமாக வைக்கும் நெபுலைசர் மருந்து, இதயத்தை இன்னும் வேகமாகத் துடிக்கவைக்கக்கூடும். அவருக்குத் தேவையோ இதயத்தை நிதானப்படுத்தும் மருந்து. அதே மருந்தை உண்மையான ஆஸ்துமா நோயாளிக்குக் கொடுத்தால் அவருடைய மூச்சுக்குழாய் சுருங்கிவிடலாம். ஒரே மூச்சுத்திணறல். காரணத்தை மாற்றிப் புரிந்துகொண்டால் தாய், சேய் இரண்டு உயிருக்கும் ஆபத்து. அந்தக் கணத்துக்குப் பிறகு, மிட்ரல் வால்வு எங்கே இருக்கிறது என்பதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இந்த முறையில் சிக்கல் இல்லாமல் இல்லை. வகுப்பில் 150 பேர், 250 பேர் இருந்தால் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிக்க ஆசிரியர்கள் போதாது. ‘எக்ஸாம்ல இது வருமா?’ என்ற கேள்வியும் தீராது. அடிப்படைப் பாடம் தெரியாமல் கேஸை மட்டும் பேசினால் அது ஊகமாகவே முடியும். அதனால் லெக்சரும் வேண்டும், கேஸும் வேண்டும். நாளை அந்த மாணவர் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக இரவு டியூட்டியில் இருக்கும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர் ‘இது எட்டாவது அத்தியாயம்’ என்று சொல்லப்போவதில்லை.

வகுப்பறையில் கேட்கப்படும் இந்தக் கேள்விகளில் நம் வீட்டுக்கும் சேதி இருக்கிறது. கர்ப்ப காலத்தில் லேசாக மூச்சு வாங்குவது சகஜம்தான். ஆனால், படுக்கவே முடியாமல் மூச்சுத்திணறினால், இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால், ‘எல்லாம் அப்படித்தான் இருக்கும்மா’ என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள். பிள்ளைக்குத் தொண்டை வலி வந்து சில வாரங்களில் மூட்டுகள் வீங்கினால் அதையும் அலட்சியப்படுத்த வேண்டாம். மருத்துவர் கேட்காவிட்டாலும், சின்ன வயதில் வந்த காய்ச்சலையும் எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள் என்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள். சரியான சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கும்.