முதுகில் விழும் கல்

மக்களே, பாட்டனார் கட்டிய வீட்டின் முன்பகுதியை வெள்ளையடித்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள்வாடகைக்கு விடத் தொடங்கியிருக்கிறீர்கள். நல்லதுதான். ரயில் நிலையம் பக்கம், கன்னியாகுமரி இருபது கிலோமீட்டர், சுசீந்திரம் போகிற வழி. கோட்டாற்றில் வீடு உள்ளவனுக்கு ஆள் வருவதில் குறைவில்லை. மெத்தை விரிப்பதையும் கணக்கு வைப்பதையும் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். வந்தவர் போன பிறகு அலைபேசியில் வந்து விழும் நான்கு வரிகளை எப்படித் தாங்குவது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. பல காலமாக இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நம் ஊரைப் பற்றி வெளியூரார் எழுதுவது புதிதல்ல. கிறிஸ்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டிலேயே தாலமி 'கொட்டியாரா' என்று ஓர் ஊரைக் குறித்து வைத்தார். அது கோட்டாறுதான் என்று ஆய்வாளர் பலர் கொள்வர். அவர் இங்கே வந்து தங்கியவர் அல்லர். அலெக்சாந்திரியாவில் இருந்துகொண்டு, வந்துபோனவர்கள் சொன்னதை வைத்து எழுதினார். அந்த வரிசையில் பார்த்தால், இரண்டு இரவாவது நம் வீட்டில் படுத்துவிட்டு எழுதுகிறவர் மேல்.

ஒருமுறை வடக்கேயிருந்து ஒரு குடும்பம் வந்தது. நுழைந்ததும் கண்ணில் படட்டும் என்று மேசைமேல் ஒரு சீப்பு மட்டிப்பழம் வைத்திருந்தோம். பச்சைப்பிள்ளைக்கு முதன்முதலில் ஊட்டும் பழம் நமக்கு அது. விரல் நீளம்தான் இருக்கும், மணமோ திண்ணை வரை வரும். 2023-இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்கள் எழுதியது இது: 'விலை மலிந்த, வளர்ச்சியில்லாத வாழைப்பழத்தை வைத்து உபசாரம் செய்வதுபோல் நடித்தார்கள்.' கம்போளத்துக்குத் தானே போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கி வந்தவள் என் மனைவி. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

ஆனால், மக்களே, அந்தக் குடும்பம் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்ட அளவைச் சொன்னார்கள். தெரியாமல் சொல்லும் குறை வேறு, தெரிந்தே சொல்லும் குறை வேறு. இரண்டும் ஒரே மாதிரிதான் வலிக்கும் என்பதால் இரண்டுக்கும் ஒரே கோபத்தைச் செலவழித்துவிடக் கூடாது. பழத்தட்டின் பக்கத்தில் இப்போது ஒரு சிறிய அட்டை நிற்கிறது: 'இது மட்டி. இதன் அளவே இவ்வளவுதான். தின்று பாருங்கள்.' அதன் பிறகு வருகிறவர்கள் பழம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் கம்போளத்துக்கு நடக்கிறார்கள்.

தெரிந்தே சொன்ன குறைக்கும் ஓர் உதாரணம் உண்டு. ஆடி மாதக் காற்றில் கடல் கொந்தளித்ததால் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடவில்லை. தங்கியிருந்த ஒருவர் நம் வீட்டுக்கு ஒற்றை ஸ்டார் போட்டார். வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை, படகைப் பற்றித்தான் முழுக்க. என் கை துறுதுறுத்தது. கடலை வாடகைக்கு விட நான் யார் என்று எழுதினால் நான்கு பேர் கைதட்டியிருப்பார்கள். எழுதியது வேறு: 'அன்று கடல் சீற்றத்தால் படகு நிறுத்தப்பட்டது. நெடுந்தூரம் வந்து பாறையைப் பார்க்காமல் திரும்பிய வருத்தம் எங்களுக்கும் உண்டு. ஆனி, ஆடியில் வருகிறவர்கள் காலையிலேயே எங்களிடம் படகு நிலவரம் கேட்டுக்கொள்ளலாம்.'

அந்தப் பதில் அவருக்கு எழுதியதே அல்ல. அவர் இனி வரப்போவதில்லை. இன்னும் வராத ஒருவர், எங்கோ ஓர் ஊரில், படுக்கையில் சாய்ந்துகொண்டு நம் வீட்டைத் தேர்ந்தெடுக்கலாமா என்று படித்துக்கொண்டிருப்பார். அவருக்குத்தான் எழுதினேன். வழக்கில் எதிராளியைப் பார்த்துக் கத்துகிறவன் தோற்பான், நீதிபதியைப் பார்த்துப் பேசுகிறவன் பிழைப்பான்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கணக்கு தெரிந்தால் பாதி வலி குறையும். 2015-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏர்பிஎன்பி என்ற வாடகைத் தளத்தின் வீடுகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 95 விழுக்காட்டு வீடுகளின் சராசரி நாலரை அல்லது ஐந்து ஸ்டாராக இருந்தது. எல்லாரும் உச்சியில் நிற்கும் இடத்தில் ஒருபடி இறங்கினாலே பள்ளம்போல் தெரியும். அங்கே 'சூப்பர்ஹோஸ்ட்' என்ற பெயருக்குச் சராசரி 4.8 வேண்டும். பத்துப் பேரில் ஒருவர் ஒற்றை ஸ்டார் போட்டு மற்றவர்கள் ஐந்தும் போட்டால் சராசரி 4.6. அதே ஒற்றை ஸ்டார் இருபது பேரில் ஒன்றாகும்போது சரியாக 4.8. ஐம்பதில் ஒன்றானால் 4.92. ஆக, ஓர் அநியாயத்தை ஆற்றப் பத்தொன்பது நல்ல உபசாரம் வேண்டும். பொறுமை என்று பெரியவர்கள் பொத்தாம் பொதுவாகச் சொன்னதற்கு இந்தத் தொழிலில் எண்ணே இருக்கிறது.

இடலாக்குடிக்காரர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரை நினைத்துக்கொள்ளுங்கள். 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களில் ஒரே வேளையில் கவனம் செலுத்திக் காட்டியவர். அவதானத்தில் ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் மணி அடித்துக்கொண்டிருப்பார், ஒருவர் பின்னால் நின்று முதுகில் சிறு கல் எறிவார். எத்தனை கல் விழுந்தது என்று கடைசியில் சொல்ல வேண்டும். எறிந்தவரைத் திரும்பிப் பார்த்தால் வெண்பா போய்விடும். கல் விழுந்ததே தெரியவில்லை என்றாலும் தோல்விதான். எண்ண வேண்டும், திரும்பக் கூடாது. மதிப்புரையில் கொதிநீர் வரவில்லை என்று ஒரு வரி இருந்தால் மற்ற ஒன்பது வரி பொய்யானாலும் ஹீட்டரைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

பழிக்குப் பழியாக விருந்தினரைப் பற்றி நீங்களும் மோசமாக எழுதலாமே என்று தோன்றும். ஏர்பிஎன்பியில் இருவரும் எழுதி முடிக்கும் வரை, அல்லது 14 நாள் கழியும் வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அந்த ஏற்பாடு நம் கோபத்திலிருந்து நம்மைக் காக்கிறது. வெளிப்படையாகப் பதில் சொல்ல 30 நாள் தருகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கே எழுதித் தீர்க்க வேண்டும் என்ற அவசரம் நம்முடையதுதான், அவர்களுடையது அல்ல.

பொறுமை வேறு, பயம் வேறு. நமக்கு வேண்டிய பையன் ஒருவன், உங்களைப்போல இளையவன், வடசேரிப் பக்கம் இரண்டு அறை விட்டிருந்தான். கிளம்பும் நேரத்தில் ஒருவர் பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார், தராவிட்டால் ஒற்றை ஸ்டார் என்றார். அவன் பயந்து கொடுத்தான். பத்து நாளில் ஒற்றை ஸ்டாரும் வந்து சேர்ந்தது. மதிப்புரையைக் காட்டி மிரட்டிப் பணம் கேட்பதைத் தளங்கள் விதிமீறலாகவே வைத்திருக்கின்றன, புகார் சொன்னால் நீக்கவும் வழி உண்டு. போலி மதிப்புரைகளுக்காக 2022 நவம்பரில் நம் நாட்டிலும் ஐஎஸ் 19000 என்ற தரநெறி வந்தது, விரும்பினால் ஏற்கலாம் என்ற அளவில். ஆனால் பேச்செல்லாம் படிவாசலில் நடந்ததால் அவன் கையில் ஒரு சான்றும் இல்லை.

அடுத்த சீசனில் இன்னொருவர் அதே பாட்டைப் பாடினார். 'சரி சார், இதை அப்படியே செயலியில் எனக்கு ஒரு மெசேஜாகப் போட்டுவிடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்றான் பையன். அவர் மெசேஜும் போடவில்லை, மதிப்புரையும் எழுதவில்லை.