வாய்க்காலுக்கு அப்பால்

எங்கள் ஊர் தேங்காய்த்திட்டு. புதுச்சேரியின் தெற்கு ஓரத்தில், கழிமுகத்தை ஒட்டிய திட்டு. மீன்பிடித் துறைமுகம் ஒருபுறம். அலையாத்திச் செடிகள் மறுபுறம். சென்னையிலிருந்து வந்த தோழர் ஒருவர், "வெள்ளையன் வெட்டிய வாய்க்காலைக் காண வேண்டும், சுற்றுப்புறத்தையும் காண வேண்டும்" என்றார். வாடகைக்கு ஒரு கார் அமர்த்தினேன். ஓட்டி வந்தவர் முப்பது வயது இளைஞர், அதிகம் பேசாதவர், ஆனால் சந்து பொந்தெல்லாம் அறிந்தவர்.

முதலியார்பேட்டை வழியே புறப்பட்டோம். ஊரின் பெயரிலேயே சாதியைச் சுமந்துகொண்டு திரிகிறோமே என்று தோழர் சிரித்தார். ஆலைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. எட்டு மணி நேர வேலை கேட்ட ஆலைத் தொழிலாளரை 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் படை சுட்டது. மாண்டவர் 12 பேர். துப்பாக்கி அவர்களைச் சாதி கேட்டுச் சுடவில்லை.

பெரிய வாய்க்கால் வந்தது. கண்டவர் ஏமாறுவர், வடக்கு தெற்காக ஓடும் ஒரு வடிகால், அவ்வளவே! ஆனால் இந்த வடிகால்தான் எல்லை. கிழக்கே கடலை நோக்கி வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம். 1761இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினர். மீண்டும் எழுந்த நகரத்திலும் இந்தப் பிளவு அழியவில்லை.

"என்ன கொடுமை! மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே வாய்க்காலா!" என்று பொங்கினார் தோழர்.

"மேற்கே வாருங்கள்" என்றேன். வெள்ளாளர் தெரு, செட்டித் தெரு, வைசியாள் தெரு! வெள்ளையன் வெட்டியது ஒரே ஒரு வாய்க்கால். அதற்கு இப்பால் தெருவுக்கொரு வாய்க்கால் வெட்டிக்கொண்டவர் யார்? தண்ணீர் இல்லாத வாய்க்கால். ஆகவே எவரும் தூர்க்கவில்லை.

துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பில் ஒரு செய்தி உண்டு. அன்றைய தேவாலயத்துக்குள்ளேயே ஒரு சுவர் நின்றது. ஒடுக்கப்பட்ட கிறித்தவர் ஒருபக்கம், ஏனையோர் மறுபக்கம். ஒடுக்கப்பட்டோர் பாதிரியாரிடம் முறையிட்டனர். 1745இல் சுவர் இடிக்கப்பட்டது. மதம் மாறினார்கள், சாதியையும் மூட்டை கட்டிக்கொண்டே மாறினார்கள். சுவரை இடிக்க வேண்டும் என்று கேட்டவர் எவர் என்பதைக் கவனியுங்கள். அறிஞரல்லர், அதிகாரியல்லர். சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டவரே கேட்டார்.

பிறகு தெற்கே திரும்பி அரிக்கமேடு சென்றோம். ஆற்றங்கரையில் மரங்களும் மண்மேடும்தான் மிச்சம். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலி நாட்டு மட்கலங்களும், மதுச்சாடிகளும் வெளிவந்தன. தமிழி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகளும் இங்கே கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னே கடல் கடந்தவன் தமிழன்! மார்தட்டலாம், நானும் தட்டினேன். பின்னாளில் கடல் தாண்டினால் தீட்டு என்று சாத்திரம் சொன்னதும் இந்த நாட்டில்தான் என்று தோழர் நினைவூட்டினார். மணி கோத்த கைகளின் பெயர் எந்த ஓட்டில் இருக்கிறது என்று ஓட்டுநர் கேட்டார். அன்று காலை முதல் அவர் கேட்ட முதற்கேள்வி அது. எங்கள் இருவரிடமும் விடையில்லை.

வில்லியனூர் வழியே கீழூர் அடைந்தோம். வில்லியனூர்த் தேர்த் திருவிழாவில் பிரெஞ்சு ஆளுநரே வடம் பிடித்ததுண்டு. பரங்கியின் கை பட்டால் வடம் தீட்டாகவில்லையாம்! கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படி முழுமை பெற்றது 1962 ஆகஸ்டு 16இல். வாய்க்கால் வெட்டியவன் கப்பலேறினான்.

நல்ல வெயில். அருகே ஓர் ஊரில் என் அத்தை வீடு. காரைத் திண்ணையோரம் நிறுத்தச் சொன்னேன். அத்தை ஓடிவந்து வரவேற்றார். எனக்கும் தோழருக்கும் எவர்சில்வர்க் குவளையில் மோர். ஓட்டுநரைப் பார்த்து, "நீ எந்தப் பக்கம் தம்பி?" என்றார். அவர் ஊரைச் சொன்னார். ஊருக்குள் எந்தத் தெரு என்றும் கேட்கப்பட்டது. சொன்னார். உள்ளே போன அத்தை, காகிதக் குவளையோடு திரும்பினார். அதையும் கையில் தரவில்லை. திண்ணை விளிம்பில் வைத்தார்.

கண்டேன். கண்டும் என் கையிலிருந்த மோரைக் குடித்து முடித்தேன்.

எழுதக் கூசுகிறது, ஆயினும் எழுதுகிறேன். தேங்காய்த்திட்டு வீட்டில், தோப்பில் காய் பறிக்க வந்தவருக்கு என் தாய் கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றியதைச் சிறுவனாய்ப் பார்த்தவன் நான். வளர்ந்தபின் மேடைகளில் அதைச் சொல்லிக் கைதட்டல் பெற்றவனும் நான். கொட்டாங்கச்சி காகிதமாயிற்று, மேடைப் பேச்சாளன் திண்ணையில் ஊமையானான்.

ஓட்டுநர் அந்தக் குவளையைத் தொடவில்லை. காரிலிருந்த தம் புட்டித் தண்ணீரைக் குடித்தார்.

திரும்பும் வழியெல்லாம் தோழர் வாய் திறக்கவில்லை. அரியாங்குப்பம் பாலத்தில் ஏறும்போது நான்தான் தொடங்கினேன்.

"தம்பி, என்மேல்தான் தவறு. அத்தையிடம் இன்றிரவே பேசுகிறேன். அடுத்த முறை நாம் போகும்போது உங்களுக்கு அதே குவளையில் தராமல் நான் ஒரு வாய் நீரும் அருந்தமாட்டேன்."

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேசுங்கள் ஐயா. ஆனால் அடுத்த முறை வேறு வண்டி வைத்துக்கொள்ளுங்கள்."