மீன் பிடிச்சா மட்டும் போதாது மச்சி!

அமெரிக்காவுல பார்க்க வேண்டிய இடம்னா நயாகரா, டிஸ்னிலேண்ட்னு லிஸ்ட் போடுவாங்க. அந்த லிஸ்ட் பக்கமே வராத ஊர் ஒண்ணு இருக்கு. அலபாமா மாநிலத்துல கன்டர்ஸ்வில்! நாசாவின் ராக்கெட் ஊரான ஹன்ட்ஸ்வில்லில் இருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். சித்தப்பாவுக்கு ஹன்ட்ஸ்வில்லில் வேலை, எனக்கு செமஸ்டர் லீவு. அப்புறமென்ன, கிளம்பியாச்சு!

டென்னஸி ஆற்றின் குறுக்கே 1939-ல் கட்டி முடிச்ச அணையால உருவான ஏரி இது. சுமார் 69,000 ஏக்கர். அலபாமாவிலேயே பெரிசு. தண்ணி மேல பாய் விரிச்ச மாதிரி ஹைட்ரில்லா பாசி. அதுக்கடியில பதுங்கியிருக்கிறது லார்ஜ்மவுத் பாஸ் மீன். குணத்துல அப்படியே நம்ம ஊர் விரால்தான். ரப்பர் தவளையைப் பாசி மேல இழுத்தா 'பளார்'னு பாய்ஞ்சு கவ்வுது!

சனிக்கிழமை மதியம் படகுத்துறையில திருவிழாக் கூட்டம். போட்டி முடிஞ்சு எடை போடுற நேரம். அதிகபட்சம் அஞ்சு மீன், மொத்த எடை யாருக்கு ஜாஸ்தியோ அவங்க ஜெயிச்சாங்க. மீன் உயிரோட இருக்கணும், செத்தா எடையைக் கழிப்பாங்க. எடை பார்த்ததும் மறுபடி ஏரிக்கே! குழம்பு வைக்கிற பேச்சே இல்லை. (சித்தப்பாவுக்கு இதுல ரொம்ப வருத்தம்.)

என் கண்ணு மீன் மேல இல்லை, பசங்க போட்டிருந்த சட்டை மேல. காலர்ல ஆரம்பிச்சு முழங்கை வரைக்கும் கம்பெனி லோகோ. எல்லாம் நம்ம வயசு காலேஜ் பசங்க! 'லட்சக்கணக்குல கொட்டுது போல'னு நினைச்சுக்கிட்டே மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற ஒருத்தன்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். சிரிச்சுட்டான். அவன் சட்டையில ஏழு லோகோ. அதுல அஞ்சு வெறும் டிஸ்கவுன்ட். தூண்டில், ரீல் எல்லாம் விலை குறைச்சுத் தருவாங்க, அவ்வளவுதான். ஒரு கம்பெனி ரப்பர் புழுவை இலவசமா அனுப்புது. கையில காசா தர்றது ஒரே ஒருத்தர். அவன் ஊர் டயர் கடைக்காரர்!

என்னைக் கேட்டா, டிஸ்கவுன்ட் ஸ்பான்சர்ஷிப்பே இல்லை பாஸ். நம்மளை நிரந்தர கஸ்டமரா மாத்துற வழி. ஆனா அவனுக்கு அதுவும் தேவைப்படுது. இந்தப் போட்டிகள்ல ஓடுற 20 அடி புதுப் படகு, 250 குதிரைசக்தி மோட்டாரோட பல பத்தாயிரம் டாலர் ஆகுதாம். அவன் ஓட்டுறது அப்பாவோட பழைய படகு. பெட்ரோல், நுழைவுக் கட்டணம், மோட்டல் வாடகை எல்லாம் பார்ட் டைம் சம்பளத்துல. டயர் கடைக்காரர் கை விட்டா அடுத்த சீசன் கோவிந்தா!

அவரை எப்படிப் பிடிச்சானாம்? ஒரே பக்கத்துல ஒரு பயோடேட்டா. ஜெயிச்ச கோப்பைகள் அதுல ரெண்டே வரிதான். மீதியெல்லாம் கடைக்கு என்ன லாபம்கிற கணக்கு. எந்தெந்த ஊர்ப் போட்டிக்குப் போறான், படகு இழுக்கிற டிரெய்லர்ல கடை பேர் எங்கே வரும், மாசத்துல ஒரு சனிக்கிழமை கடை வாசல்ல நின்னு குட்டிப் பசங்களுக்குத் தூண்டில் முடிச்சு சொல்லித் தர்றது... இப்படி. சீசன் முடிஞ்சதும் போட்டோவோட ரிப்போர்ட், தோத்த போட்டிகளையும் மறைக்காம. நம்ம சிம்போசியத்துக்கு 'தங்களின் மேலான ஆதரவை நாடி'னு லெட்டர் தூக்கிட்டு ஜெராக்ஸ் கடை ஜெராக்ஸ் கடையா ஏறுறோமே, அதுல கடைக்காரருக்கு என்ன கிடைக்கும்னு ஒரு வரியாவது இருக்கா?

இந்தப் போட்டிகளுக்கு விதை போட்டவரே ஒரு விற்பனை மனுஷர்தான். ரே ஸ்காட், அலபாமாவில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். 1967-ல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில முதல் பெரிய போட்டியை நடத்தினார். அடுத்த வருஷம் 'பாஸ்' சங்கம். இன்னிக்கு டென்னஸியில உள்ள பெத்தேல் யுனிவர்சிட்டி மீன் பிடிக்கிறதுக்கு ஸ்காலர்ஷிப்பே தருது! ஆபர்ன் யுனிவர்சிட்டி டீம்ல இருந்த ஜோர்டான் லீ, 2017, 2018 ரெண்டு வருஷமும் பாஸ்மாஸ்டர் கிளாசிக் ஜெயிச்சார்.

இன்னொரு சங்கதி. அமெரிக்க காலேஜ் கால்பந்து, கூடைப்பந்து வீரர்கள் 2021 ஜூலை வரைக்கும் தங்கள் பேரை வெச்சு விளம்பரக் காசு வாங்கக் கூடாது. என்.சி.ஏ.ஏ. சட்டம். மீன்பிடி அந்த அமைப்புக்குள்ளேயே வராது. அதனால தூண்டில் பசங்க அதுக்கு முன்னாடியே லோகோ குத்திக்கிட்டுத் திரிஞ்சாங்க!

சிக்கலும் இருக்கு. கையெழுத்துப் போட்டா போட்டிக் கம்பெனி சாமானைத் தொட முடியாத ஒப்பந்தங்கள் உண்டு. ஓசியில வாங்கின பொருளைப் புகழ்ந்து இன்ஸ்டாகிராம்ல எழுதினா, அந்தத் தொடர்பை வெளிப்படையாச் சொல்லணும்கிறது எஃப்.டி.சி. விதி. டொயோட்டா கதை வேற மாதிரி. அவங்க டிரக் வெச்சிருக்கிறவங்க பேரைப் பதிஞ்சுக்கிட்டா, அங்கீகரிச்ச போட்டிகள்ல பதிவு செஞ்சவங்கள்ல யார் முன்னால வர்றாங்களோ அவங்களுக்கு போனஸ். நம்ம ஆளுகிட்ட இருந்ததோ வேற கம்பெனி டிரக்!

அன்னிக்கு அவன் டீமுக்குப் பரிசு இல்லை. இருந்தாலும் இருக்கிறதுலயே பெரிய மீனைத் தூக்கிப் பிடிச்சு, பின்னால டிரெய்லர்ல டயர் கடை பேர் தெரியுற மாதிரி என்னை மூணு போட்டோ எடுக்கச் சொன்னான். ரெண்டாவது ஓகே. அங்கிருந்தே கடைக்காரருக்கு அனுப்பிட்டு, மீனைத் தண்ணியில விட்டான்.