வகிடு அகன்றபோது

கூந்தலை மங்கலப் பொருளாகப் போற்றுவது நம் மரபு. வகிட்டில் குங்குமமும் பின்னலில் பூச்சரமும் இடம் பெறுவது அதனால்தான். எனவே, கூந்தல் குறையும்போது ஒரு பெண்ணுக்கு உண்டாகும் வருத்தத்தை வெறும் அழகுக் கவலை என்று ஒதுக்கிவிட இயலாது.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 62ஆம் வயதில் எனக்கு அந்த வருத்தம் வந்தது. நெற்றி விளிம்பில் முடி அப்படியே இருக்க, வகிடு மட்டும் அகன்றுகொண்டே போயிற்று. சந்நிதியில் தலை குனியும்போது பின்னால் நிற்பவர் கண்ணில் படுமே என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன். கண் மூடி நின்றாலும் மனம் உச்சந்தலையை விட்டு நகராது.

முடி காணிக்கை செலுத்தினால் அடர்த்தியாக வளரும் என்றனர் சிலர். காணிக்கை பக்தியின் செயல், மருந்தன்று. மழிப்பதால் நீங்குவது தோலுக்கு மேலுள்ள முடியே. மயிர்க்காலில் எந்த மாற்றமும் நேர்வதில்லை. எனக்கோ குறை மயிர்க்காலிலேயே இருந்தது.

தோல் மருத்துவர் முதலில் தைராய்டு, இரும்புச் சத்து ஆகியவற்றைப் பரிசோதித்தார். அவை சரியாக இருந்தன. பின்னர் அவர் விளக்கியது இது: ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்மைச் சுரப்பு பெண் உடலிலும் சிறிதளவு உண்டு. பரம்பரைக் கூறுள்ள சிலருக்கு அது மயிர்க்கால்களைச் சுருங்கச் செய்கிறது. முளைக்கும் ஒவ்வொரு முடியும் முன்னதைவிட மெலிகிறது. மாதவிடாய் நின்றபின் இது மேலும் புலப்படுகிறது.

மினாக்ஸிடில் என்னும் தடவு மருந்துடன் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையையும் அவர் பரிந்துரைத்தார். நீரைப் பிரித்து இரத்த அழுத்தத்தைக் குறைக்க 60 ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பட்டுவரும் மருந்து அது. ஆண்ட்ரோஜன் சென்று பொருந்தும் இடத்தில் தான் அமர்ந்து அதைத் தடுப்பது அதன் மற்றொரு குணம். சாவித் துவாரத்தை அடைத்துவிட்டால் சாவி நுழையாதல்லவா? அதைப் போன்றது.

ஆயினும் மருத்துவர் உடனே மாத்திரை தரவில்லை. இம்மருந்து இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இரத்த அழுத்தத்திற்கு நான் உட்கொண்டிருந்த டெல்மிசார்டனும் அதை உயர்த்தவல்லது. ஆகவே எங்கள் குடும்ப மருத்துவர் அதை வேறு மாத்திரையாக மாற்றி, சிறுநீரகப் பரிசோதனையும் செய்த பின்னரே சிகிச்சை தொடங்கியது. விரத நாட்களில் இளநீரையும் வாழைப்பழத்தையுமே உணவாகக் கொள்ளும் என் வழக்கத்திற்கும் அளவு வகுத்தார்.

ஆறு மாதம் வரை மாற்றம் ஏதும் தெரியவில்லை. பத்தாம் மாதத்தில் சீப்பில் வரும் முடி குறைந்தது. வகிடும் சற்றே ஒடுங்கியது. இளமையில் இருந்த கூந்தல் திரும்பவில்லை. மருந்தை நிறுத்தினால் உதிர்வு மீளும் என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை.

இதைக் கண்ட என் தங்கை மகள், "பெரியம்மா, எனக்கும் முடி கொட்டுகிறது. உங்கள் மாத்திரையில் ஒரு அட்டை கொடுங்களேன்" என்றாள். திருமணமாகி நான்கு ஆண்டுகளாகக் குழந்தைக்காக வேண்டிக்கொண்டிருப்பவள் அவள். "கொடுக்க மாட்டேன், கண்ணு" என்றேன். அவள் முகம் வாடியது. அருகில் அமர்த்திக் காரணம் சொன்னேன். கருவுற்ற காலத்தில் இம்மருந்து உடலில் இருந்தால், வயிற்றிலுள்ள ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். அதனால் தாய்மையை நாடுவோர் இதைத் தொடலாகாது. பிள்ளை பெறும் வயதினர் உட்கொள்வதாயின் கருத்தடையும் உடன் வேண்டும். மறுநாள் அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவளுக்கு இருந்தது இரத்தசோகை. இரும்புச் சத்து மாத்திரையே அவளுக்கு உரிய மருந்தாயிற்று.

சகோதரிகளே, பிரசாதத்தைப் பகிர்ந்துண்பது நம் பண்பு. மாத்திரையை அவ்வாறு பகிர வேண்டாம். முடி உதிர்ந்தால் வெட்கத்தால் மறைக்காமல், முதலில் காரணத்தைக் கண்டறியுங்கள். வீட்டில் இளம்பெண் இருப்பின் அவளுடைய தாய்மை விருப்பத்தையும் மருத்துவரிடம் தவறாது கூறுங்கள்.