எத்தனை படி?

உங்கள் வீட்டில் முழங்கால் வலிக்காரர் யாராவது உண்டா? உண்டென்றால் இந்த விஷயம் உங்களுக்குத்தான்.

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயரில் ரிச்மண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே சாமுவேல் பட்லர் என்ற நடிகர் 1788-ல் கட்டிய சின்னஞ்சிறு நாடகக் கொட்டகை இன்றும் இருக்கிறது. விடுமுறைக்கு அத்தை மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அதில் ஒரு நாடகம் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

அத்தை மட்டும், "நீங்க போயிட்டு வாங்க. எனக்கு இப்பல்லாம் நாடகத்திலே பிரியம் இல்லே" என்றுவிட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆர். எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வர'னை நடித்துக் காட்டி எனக்குச் சோறூட்டிய அத்தையா இப்படிப் பேசுவது!

மெதுவாக விசாரித்தேன். "பழைய கட்டடம்னா படி இருக்கும்டா. என்னாலே உங்க எல்லாருக்கும் சங்கடம்" என்றாள்.

பிரியம் போகவில்லை, படிதான் குறுக்கே நின்றது!

உடனே கொட்டகைக்கு டெலிபோன் செய்தேன். கைத்தடி உண்டு, நாலு படிக்கு மேல் ஏறமாட்டார், சாய்மானம் இல்லாமல் உட்காரமாட்டார் என்று ஒளிக்காமல் சொன்னேன். மறுமுனையில் இருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டு, எந்த இடம் சௌகரியம், எங்கே தூண் கொஞ்சம் மறைக்கும் என்பதுவரை விளக்கினாள்.

கொட்டகையின் அமைப்பு இதுதான். நடுவே பள்ளத்தில் பெஞ்சுகள்; அதற்கு 'பிட்' என்று பெயர். சுற்றிலும் மரத்தடுப்புப் போட்ட 'பாக்ஸ்'கள். எல்லாவற்றுக்கும் மேலே மலிவு டிக்கெட்டுக்காரர்களின் காலரி. அங்கே ஒரு பலகை உண்டு. ஆட்டம் பிடித்தாலும் உதைப்பார்கள், பிடிக்காவிட்டாலும் உதைப்பார்களாம்!

1848-ல் இந்தக் கொட்டகை ஏலக்கூடமாயிற்று. பின்னொரு காலம் சாமான் கிடங்காகவும் கிடந்தது. 1963-ல்தான் மறுபடி திரை எழுந்தது. 2003-ல் செப்பனிட்டபோது, பழைய அரங்கைச் சிதைக்காமல் பக்கத்திலேயே ஒரு புதுக் கட்டடம் சேர்த்து, வந்து போகும் வசதிகளை அதில் அமைத்தார்கள். இருநூறு வருஷத்துச் சுவருக்கும் அத்தையின் முழங்காலுக்கும் சமாதானம் ஏற்பட்டது அதனால்தான்.

அன்று மாலை அத்தை மேடைக்கு அருகே ஒரு பாக்ஸில் அமர்ந்தாள். தூண் மறைக்கத்தான் செய்தது. முன்பே தெரிந்ததால் ஏமாற்றமில்லை. நடிகர் பெருமூச்சு விட்டால்கூடக் கேட்கும் நெருக்கம். இங்கிலீஷ் வசனத்தில் பாதி அத்தைக்குப் புரிந்திராது. ஆனால் முகத்தைப் பார்த்தே எனக்கு முன்னால் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று!

அதையெல்லாம் வீட்டிலேயே விட்டுவிட்டு வர இருந்தோமே என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. "நான் வரலே" என்று உங்கள் வீட்டுப் பெரியவர் சொன்னால் ஒரே பேச்சில் விட்டுவிடாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். டிக்கெட் வாங்கும்முன் கொட்டகைக்காரரிடமும் கேளுங்கள்: "எத்தனை படி?"

திரும்பும்போது காரில் அத்தை சொன்னாள்: "மேலே உதைக்கிற பலகை இருக்குன்னியே! கால் மட்டும் நல்லா இருந்தா நானும் ரெண்டு உதை விட்டிருப்பேன்டா!"