சத்தம் போடாத இரண்டு கிழமை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

போன தவணையில் என் குரல் போனது உங்களில் பலருக்குத் தெரியும். தரம் 9இல் 42 பிள்ளைகள். பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பலகை மறைப்பு மட்டும். அங்கே சேர் கத்தினால் இங்கே நானும் கத்துவேன். 12 வருடம் அப்படித்தான் ஓடியது. வைத்தியர் தொண்டையைப் பார்த்துவிட்டு, குரல் நாணில் சின்ன முடிச்சு இருக்கிறது, இரண்டு கிழமை ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார். கதைத்துப் பிழைக்கிறவனுக்கு அது சின்ன விஷயமல்ல. குரல் திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்று இரவில் நித்திரையே இல்லை.

அந்த நேரம் தம்பி கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பழைய விஷயம் இருந்தது. அவன் ஏ.எல் படிக்கும் காலத்தில் மெட்டல் கேட்பான். நான் அப்போது கல்வியியற் கல்லூரியில். விடுமுறைக்கு வந்த ஒருநாள், "வீட்டுக்குள்ள ஷைத்தான்ட சத்தம் வேணாம்" என்று கத்தி, அவனுடைய ஹெட்செட் வயரை இழுத்து அறுத்துவிட்டேன். அதன்பிறகு அவன் என் முன்னால் எதையும் கேட்டதில்லை. எதையும் சொன்னதுமில்லை. வெளிநாடு போவதைக்கூட டிக்கட் வந்த பிறகுதான் சொன்னான்.

நான் வாய் மூடி நான்காம் நாள், அவன் போனை நீட்டினான். "கேட்டுப் பாருங்க காக்கா. இதுலயும் ஆரும் வாய் திறக்கிறல்ல."

இசை கூடுமா, கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. அதை ஆலிம்களிடம் கேளுங்கள். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அது பெலிக்கன் என்ற அமெரிக்கக் குழு, சிகாகோ நகரத்தவர்கள். 2003இல் வந்த அவர்களுடைய முதல் முழு அல்பத்தின் பெயர் 'ஆஸ்திரலேசியா'. இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு ட்ரம்ஸ். பாடகர் கிடையாது. பேஸ் வாசிப்பவரும் ட்ரம்ஸ் அடிப்பவரும் கூடப்பிறந்த சகோதரர்கள். மொத்தம் ஆறு உருப்படிகள். முதலாவதும் கடைசியும் ஒவ்வொன்றும் பத்து நிமிடத்தைத் தாண்டும்.

ஆரம்பத்தில் எனக்கு இரைச்சலாகத்தான் இருந்தது. மெட்டல் என்றால் வேகமும் அலறலும் என்று நினைத்திருந்தேன். இவர்களுக்கு அவசரமே இல்லை. கனத்த ஒரு கிட்டார் அடியை எடுத்து, மூட்டை சுமக்கிறவன் அடிமேல் அடி வைப்பதுபோல, திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது கிட்டார் அதற்கு மேலே மெல்லிய ஒரு மெட்டைப் போடுகிறது. பாரம் அப்படியே இருக்கிறது, ஆனால் அதற்கு மேலே வானம் திறந்த மாதிரி இருக்கிறது. ஐந்தாவது உருப்படிக்குப் பெயரே இல்லை. மின்சாரக் கிட்டாரின் உறுமல் ஓய்ந்து, சாதாரண மரக் கிட்டாரின் அமைதி. அதைக் கேட்ட பிறகு கடைசி உருப்படியின் கனம் நெஞ்சிலேயே வந்து இறங்கியது. நடுவில் அந்த அமைதி இல்லாவிட்டால் அது வெறும் சத்தம்தான்.

முழுவதையும் கேட்டு முடித்தேன். கதைக்க முடியாதே. கொப்பியில் எழுதினேன்: "அண்டைக்கு வயரை அறுத்தது என்ட பிழை."

அவன் வாசித்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னான்: "அந்த வருஷம்தானே காக்கா வாப்பா மவுத்தான. நீங்க எல்லாத்துக்கும் கத்தினீங்க. எனக்குக் கத்தத் தெரியல்ல. இதைக் கேட்டன்."

பதில் எழுதப் பேனையை எடுத்தேன். எழுத ஒன்றும் வரவில்லை. குரல் இருந்திருந்தால் அந்த இடத்தில் நிச்சயம் ஏதாவது புத்தி சொல்லிக் கெடுத்திருப்பேன்.

அல்ஹம்துலில்லாஹ், குரல் இப்போது பரவாயில்லை. வகுப்பில் கத்துவதைக் குறைத்துவிட்டேன். சத்தம் கூடினால் பேச்சை நிறுத்திவிட்டு சும்மா நிற்கிறேன். முதல் கிழமை பிள்ளைகள் சிரித்தார்கள். இப்போது முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக அடங்குகிறார்கள். எல்லா நாளும் சரிவருவதில்லை. சில நாட்களில் பழைய பழக்கம் வந்துவிடுகிறது.

தம்பி திரும்பிப் போய்விட்டான். முன்பு மாதம் ஒருமுறை உம்மாவுக்கு மட்டும் எடுப்பான். இப்போது வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எனக்கும் எடுக்கிறான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகன் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு மூலையில் இருந்தால், வயரை இழுக்க முன்பு ஒருதரம் பக்கத்தில் போய் இருங்கள். என்ன கேட்கிறான் என்று கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிறகு சொல்லலாம். நான் கேட்காமல் விட்டது வாப்பா மவுத்தான வருடத்தில். அந்த வருடத்தை அவனுக்கு என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.